ஆயாவின் பாட்டைப் பியானோவில் ஏற்றியவர்

லூயி மொறோ கொட்ஷோக் (1829 – 1869)



பியானோ என்னும் வாத்தியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் ஜேர்மனி, ஒஸ்திரியா, போலந்து, பிரான்சு ஆகிய தேசங்களின் மேதைகளே நம் நினைவுக்கு வருவார்கள். கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்த அடிமைகளின் ஆடற் பாட்டுகளை அந்த வாத்தியத்தில் ஏற்றி, பரிஸ் மாநகரத்துச் சீமான்களையும் சீமாட்டிகளையும் கைதட்ட வைத்த ஒருவரும் இருந்தார். அவர் பெயர் லூயி மொறோ கொட்ஷோக். நாற்பதே ஆண்டுகள் வாழ்ந்து, அந்நிய மண்ணில் கண்மூடிய அவரது வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். பிள்ளைகளைச் சங்கீதம் பழக்கும் பெற்றோருக்கும், பழகும் பிள்ளைகளுக்கும் இதில் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு.

வீட்டில் கேட்ட பாட்டு

அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலை அணுகும் இடத்தில் நியூ ஓலியன்ஸ் நகரம் இருக்கிறது. அங்கே 1829ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி கொட்ஷோக் பிறந்தார். தந்தை எட்வேட் இலண்டனிலிருந்து வந்த யூத வணிகர். தாய் எமே புறூலே பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பிள்ளைகள் பலர் பிறந்த அவ்வீட்டில் லூயியே மூத்தவர்.

தாயின் குடும்பத்துக்கு ஒரு பழைய கதை இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இன்று ஹெயிட்டி எனப்படும் நாடு அக்காலத்தில் சென் டொமிங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. சீனியாலும் கோப்பியாலும் கொழித்த அந்த மண்ணில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட இலட்சக்கணக்கான அடிமைகள் வதைபட்டனர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று. அந்தக் கலவர காலத்தில் தோட்ட முதலாளிகள் பலர் அயல் தீவுகளுக்கும் நியூ ஓலியன்சுக்கும் ஓடினர். தப்பி வந்த குடும்பங்களில் புறூலே குடும்பமும் ஒன்று.

எனவே லூயி பிறந்த வீடு அமெரிக்காவில் இருந்தாலும், அதற்குள்ளே வீசிய காற்று தீவுக் காற்றாகவே இருந்தது. அம்மம்மா சென் டொமிங் கதைகளைச் சொல்வார். பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயா சலி என்பவளும் அந்தத் தீவிலிருந்து வந்த அடிமைப் பெண். பிரெஞ்சும் ஆபிரிக்க மொழிகளும் கலந்த கிறியோல் பேச்சில் அவள் பாடிய பாட்டுகளே பிள்ளையின் காதில் முதலில் விழுந்த சங்கீதம். நியூ ஓலியன்சின் கொங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி மேளமடித்து ஆடிய ஆட்டத்திலிருந்தே அவர் தமது இசையைக் கற்றார் என்று முன்பு பலர் எழுதினர். அவரது வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்தவர்களோ, வீட்டுக்குள்ளே அம்மம்மாவும் சலியும் கொடுத்ததே பெரிய முதல் என்று கருதுகின்றனர்.

சிறுவனுக்குப் பியானோ கற்பித்தவர் அந்நகரின் புனித லூயிஸ் பேராலயத்தில் இசைப் பொறுப்பிலிருந்த லெட்டெலியே என்பவர். பேராலயத்தில் ஓர்கன் ஒலியும், வீட்டில் ஆயாவின் பாட்டும் என இருவகை இசையையும் கேட்டு அப்பிள்ளை வளர்ந்தான். சில ஆண்டுகளில் ஆசிரியரிடம் கற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலை வந்தது. மேற்படிப்புக்குப் பரிஸ் செல்லவேண்டும் என்று வீட்டார் தீர்மானித்தனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகக் கப்பலேறினான்.

கேளாமலே மூடிய கதவு

பரிஸ் சங்கீதக் கல்லூரியின் வாசலில் அவனுக்குக் காத்திருந்தது அவமானம். பியானோப் பிரிவின் தலைமை ஆசிரியரான சிம்மர்மான், பையனின் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கவேயில்லை. அமெரிக்கா நீராவி இயந்திரங்களைச் செய்யும் நாடு, அங்கிருந்து சங்கீதக்காரன் வரமாட்டான் என்ற எண்ணத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

பையன் ஊர் திரும்பவில்லை. முதலில் ஷார்ல் ஹாலேயிடமும், பின்னர் கமீல் ஸ்டமட்டியிடமும் தனியாகப் பாடம் கேட்டான். பிற்காலத்தில் புகழ்பெற்ற சென் சான்சும் இதே ஸ்டமட்டியின் மாணவரே. 1845ஆம் ஆண்டு ஏப்ரில் 2ஆம் திகதி, பதினாறு வயது நிரம்புமுன், பரிசின் பிளெயெல் மண்டபத்தில் கொட்ஷோக் மேடையேறினார். வாசித்தவற்றுள் ஷொப்பானின் ஈ மைனர் கொன்சேர்ட்டோவும் ஒன்று. அதை இயற்றிய ஷொப்பானே சபையில் இருந்து கேட்டு, பின்பு வந்து பையனைப் பாராட்டினார்.

இந்தச் சந்திப்பை மனத்தில் வையுங்கள். ஷொப்பான் போலந்து நாட்டவர். தம் நாட்டுக் குடியானவர்கள் ஆடும் மசூர்கா என்னும் நடனத்தை எடுத்து, பரிசின் மேடைக்கு ஏற்ற உயர்ந்த இசையாக்கியவர். ஒரு நாட்டின் ஏழைகளுடைய ஆட்டம் பியானோவில் ஏறலாம் என்பதற்கு அவரே கண்முன் நின்ற சாட்சி. கொட்ஷோக்கிடமும் ஓர் ஆட்டம் இருந்தது. அது சலி பாடித் தந்தது.

1848ஆம் ஆண்டளவில், கடும் காய்ச்சலால் வருந்தி உடல் தேறி வந்த நாட்களில், அந்தப் பழைய பாட்டுகளை அவர் எழுதத் தொடங்கினார். முதலில் வந்தது 'பம்பூலா'. பம்பூலா என்பது அடிமைகளின் ஒருவகை மேளத்துக்கும் அம்மேளத்துக்கு ஆடும் ஆட்டத்துக்கும் பெயர். பியானோவின் கீழ்த்தாயத்திலே மேளம் அதிரும். மேலே ஒரு கிறியோல் பாட்டின் மெட்டுத் துள்ளும். அந்தப் பாட்டின் பொருள் என்ன தெரியுமா? வற்றாளங்கிழங்கு வெந்துவிட்டது, சாப்பிட வாருங்கள் என்பதே! அடுத்து 'சாவன்', அதன்பின் 'வாழைமரம்' என இன்னும் இரண்டு துண்டுகள் வந்தன. பரிஸ் நகரம் சொக்கிப்போயிற்று. பேர்லியோஸ் போன்ற பெரும் இசையமைப்பாளரும் கோத்தியே போன்ற எழுத்தாளரும் பத்திரிகைகளில் புகழ்ந்தெழுதினர். கேளாமலே கதவடைத்த அதே சங்கீதக் கல்லூரி, சில ஆண்டுகளில் அவரைத் தேர்வாளர் குழுவில் அமர அழைத்தது. 'பம்பூலா'வை அவர் ஸ்பானிய மகாராணி இரண்டாம் இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார்.

பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைத்தனத்தை ஒழித்ததும் இதே 1848ஆம் ஆண்டில்தான். ஸ்பெயினுக்கு உட்பட்ட கியூபாவிலோ 1886 வரை அடிமைகள் இருந்தார்கள். மகாராணியின் அரண்மனையில் அடிமைகளின் பாட்டு ஒலித்தது. மகாராணியின் தீவில் அதைப் பாடியவர்களின் விலங்கு கழலவில்லை. இசை நுழைந்த இடங்களில் எல்லாம் நீதியும் உடனே நுழைந்துவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

தகிட தகிட தக

அந்த ஆடல் இசையில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்பீர்கள். சங்கீதம் அறியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறோம். எட்டுச் சிறு எண்ணிக்கைகள் கொண்ட ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். படையணி நடைக்கு எழுதப்பட்ட ஐரோப்பிய இசையில் அது நான்கும் நான்குமாகப் பிரியும். தீவு இசையிலோ மூன்றும் மூன்றும் இரண்டுமாகப் பிரியும். மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக, தகிட தகிட தக. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் அழுத்தித் தட்டுங்கள். மற்றக் கையால் ஒரே சீராக நான்கும் நான்குமாக எண்ணுங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று இழுப்பது போலவும், கால் தானே எழுந்து ஆடத் துடிப்பது போலவும் தோன்றும். அதுவே அந்த இசையின் உயிர்.

இந்த மூன்று தட்டுகளோடு ஐந்தாம் எண்ணிக்கையில் இன்னுமொரு தட்டைச் சேர்த்தால், ஹவானா நகரின் பெயரைத் தாங்கிய ஹபனேரா தாளம் பிறக்கும். பிசே என்ற பிரெஞ்சுக்காரர் 1875இல் அரங்கேற்றிய 'கார்மென்' என்னும் இசை நாடகத்தில் கதாநாயகி பாடும் பிரசித்தமான பாட்டு இந்தத் தாளத்திலேயே நடக்கிறது. எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டுகள் வரும் வேறொரு தாளமும் உண்டு. அதன் பெயர் சிங்கியோ. தக, த, தக, த, தக என்று அது ஓடும்.

இவை வந்த வழியும் வியப்பானது. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனம் ஒன்று பிரான்சுக்குப் போய்ச் சபை நடனமாயிற்று. பிரெஞ்சுக்காரர் அதைச் சென் டொமிங்குக்குக் கொண்டுபோயினர். அங்கே எசமான்களின் விருந்துகளில் வாத்தியம் வாசித்தவர்கள் கறுப்பினத்தவர். மெட்டு ஐரோப்பாவினதாக இருக்க, அதற்குள்ளே தங்கள் ஆபிரிக்கத் தாளத்தை அவர்கள் புகுத்தினார்கள். 1791இன் கிளர்ச்சிக்குப் பின் அகதிகளோடு அது கியூபாவின் கிழக்குப் பகுதி நகரமாகிய சந்தியாகோவுக்குச் சென்றது. 1809இலும் 1810இலும் கியூபாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 9,000 பேர் நியூ ஓலியன்சில் வந்திறங்கினர். இப்படியே அது கடல் தாண்டிக் கடல் தாண்டி நடந்தது. கியூபாவில் அதற்குக் கொந்திரதன்சா என்று பெயர். மனுவேல் சௌமெல் என்ற ஹவானா இசைவாணர் 1818இல் பிறந்து 1870 வரை வாழ்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட கொந்திரதன்சாக்களைப் பியானோவுக்கு எழுதினார். கியூபாவின் பியானோ இசைக்கு அவரையே தந்தையாகக் கொள்வர்.

குடும்பத்தின் பாரம்

1853ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொட்ஷோக் அமெரிக்கா திரும்பி நியூ யோக்கில் கச்சேரி செய்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார். விட்டுச்சென்றது கடன். தாயும் தம்பி தங்கைகளும் அப்போது பரிசில் இருந்தனர். இருபத்துநான்கு வயது வாலிபன் தந்தையின் கடனைத் தீர்க்கும் பொறுப்பையும், அத்தனை பேருக்கும் சோறு போடும் பொறுப்பையும் தன் தோளில் ஏற்றான். தந்தை வழியாகத் தமக்கு வந்த அடிமைகளைத் தாம் விடுவித்துவிட்டதாகத் தமது குறிப்பேட்டில் அவர் எழுதியிருக்கிறார். கடனில் மூழ்கிய குடும்பத்தின் மூத்த மகனுக்கு அடிமைகள் பணமாக மாற்றக்கூடிய சொத்து. அந்தச் சொத்தை விடுவது சுலபமான காரியமாக இருந்திருக்காது.

பணம் தேவைப்பட்டது. சனங்கள் எதை விரும்பினார்களோ அதை எழுத வேண்டியிருந்தது. கண்ணீர் ததும்பும் மெல்லிசையை அக்காலத்து அமெரிக்க வீடுகள் விரும்பின. 'இறுதி நம்பிக்கை', 'சாகும் கவிஞன்' போன்ற துண்டுகளை அவர் எழுதினார். அச்சான பிரதிகள் வீடு வீடாகப் பரவின. 'இறுதி நம்பிக்கை'யின் மெட்டைப் பின்னர் புரட்டஸ்தாந்து சபைகள் தம் கீதப் புத்தகத்திலும் சேர்த்துக்கொண்டன. இவற்றை இகழ்ந்து பேசியவர்கள் உண்டு. ஆனால், வாசகர்களே, பரிசில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்தது இவற்றால்தான். மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1854இல் அவர் முதன்முறை கியூபா சென்றார். சிறுவயதில் வீட்டுக்குள் கேட்ட ஓசை அங்கே தெருவெங்கும் நிறைந்திருந்தது. 1856இல் தாய் பரிசில் இறந்தார். மகன் அப்போது கடலுக்கு இப்பால் இருந்தார்.

தீவுகளில் ஐந்து ஆண்டுகள்

1857இல் மீண்டும் கப்பலேறினார். கூடச் சென்றவள் அடலீனா பற்றி என்ற சிறுமி, தன் தந்தையின் துணையோடு. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பாடகியானவள் அவளே. சில மாதக் கச்சேரிப் பயணமாகத் தொடங்கியது ஐந்து ஆண்டுகளாக நீண்டது. கியூபா, புவேட்டோ றிக்கோ, மார்த்தினிக், குவாதலூப் என்று தீவு தீவாக அவர் திரிந்தார். குவாதலூப்பில் எரிமலைச் சரிவில் ஒரு வீட்டில் தனிமையில் தங்கினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரை மறக்கத் தொடங்கின. பேர் பெற்ற ஒருவன் தன் வாலிபத்தை வீணடிக்கிறான் என்றே பலருக்குத் தோன்றியிருக்கும். அவரே பின்னாளில் அந்த ஆண்டுகளை நினைத்து வருந்தியதுண்டு.

ஆனால் அவர் எழுதியவற்றில் சிறந்தவை பல அந்த ஆண்டுகளில்தான் பிறந்தன. புவேட்டோ றிக்கோவில் ஹிபரோக்கள் என அழைக்கப்படும் மலைநாட்டுக் குடியானவர்கள் நத்தார் காலத்தில் வாத்தியங்களோடு வீடு வீடாகச் சென்று பாடுவார்கள். வீட்டார் அவர்களுக்குப் பலகாரம் கொடுத்து உபசரிப்பார்கள். அத்தகைய ஒரு நத்தார்ப் பாட்டை எடுத்து 'புவேட்டோ றிக்கோவின் நினைவு' என்ற துண்டை அவர் ஆக்கினார். கேட்டுப் பாருங்கள்: தொலைவில் ஒரு பாடற் கூட்டம் வருவதுபோல் மெல்லெனத் தொடங்கும். கிட்ட வர வர ஓசை பெருகும். வீட்டு வாசலுக்கு வந்ததும் முழுக் கூட்டமும் ஆடிப் பாடும். பிறகு அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று விலகிச் சென்று, இருளில் ஓசை தேய்ந்துபோகும். நத்தார் இரவில் பாடற் குழுவை வாசலில் நின்று வரவேற்ற எந்தக் குடும்பத்துக்கும் அந்த இசை விளங்கும்.

'ஹவானாவின் நினைவு', நான்கு கைகளால் வாசிக்கும் 'கிறியோல் கண்கள்' ஆகியவையும் அக்காலத்தவையே. பின்னையதில் தகிட தகிட தக என்ற துள்ளல் முதலிலிருந்து கடைசி வரை ஓயாது. அமெரிக்காவில் றாக்ரைம் என்ற இசை தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் சாயலை இதில் கேட்கலாம். 'அயனமண்டலத்தில் ஓர் இரவு' என்ற சிம்பொனியையும் அத்தீவுகளில் எழுதி, 1860ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹவானாவின் தக்கோன் அரங்கில் ஒரு மாபெரும் இசைவிழாவை அவர் நடத்தினார். மேடையில் ஏறத்தாழ 900 பேர் இருந்ததாக அவரே எழுதியுள்ளார். அவர்களிடையே சந்தியாகோவிலிருந்து வரவழைத்த கறுப்பின மேளகாரரும் தங்கள் மேளங்களோடு இருந்தனர். அடிமை முறை சட்டமாக இருந்த ஊரில், பிரபுக்களின் அரங்கில், சிம்பொனி வாத்தியங்களோடு அந்த மேளம் சரிசமமாக ஒலித்தது. பரிசில் 'பம்பூலா' வாசித்தபோது அடிமைகளின் மேளத்தைத் தம் விரல்களால் அவர் நடித்துக் காட்டினார். ஹவானாவில் மேளகாரரையே மேடைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் அது.

ஹவானாவில் 1859இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அவர் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அவன் பெயர் இக்னாசியோ செர்வாந்தெஸ். அவன் பின்னர் பரிஸ் சங்கீதக் கல்லூரிக்குச் சென்றான். கொட்ஷோக்குக்கு மூடிய கதவு அவனுக்குத் திறந்தது. 1866இல் பியானோவில் முதற் பரிசையும் அவன் வென்றான். நாடு திரும்பி, கியூபாவின் விடுதலைக்காகக் கச்சேரிகள் செய்து பணம் சேர்த்ததால் 1875இல் ஸ்பானிய ஆட்சியாளர் அவரை வெளியேற்றினர். அவர் எழுதிய 'கியூப நடனங்கள்' நாற்பதளவு சிறு துண்டுகள். பெரும்பாலானவை ஓரிரு பக்கங்களுக்கு மேற்படா. கியூபாவின் பிள்ளைகள் இன்றும் அவற்றைப் பழகுகின்றனர்.

யுத்தமும் பழியும்

1862இல் கொட்ஷோக் அமெரிக்கா மீண்டபோது அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்தது. அவர் பிறந்த தென்பகுதி அடிமை முறையைக் காக்கப் போரிட்டது. அவரோ வடபகுதியின் பக்கம் நின்றார். சொந்த ஊராரையும் உறவினரையும் பகைத்துக்கொண்ட முடிவு அது. 'ஒன்றியம்' என்ற இசைத்துண்டை எழுதி ஊரூராக வாசித்தார். 1864 மார்ச்சில் வாஷிங்டனில் அவர் செய்த கச்சேரிக்கு ஜனாதிபதி லிங்கனும் வந்திருந்தார். வெனிசுவேலாவிலிருந்து வந்த தெரேசா கறேனோ என்ற எட்டு வயதுச் சிறுமிக்கு நியூ யோக்கில் அவர் வழிகாட்டினார். அவளும் பின்னர் உலகறிந்த பியானோ மேதையானாள். ஓய்வில்லாத புகையிரதப் பயணங்கள். இன்று ஓரூர், நாளை வேறூர். அவர் 95,000 மைல் பயணம் செய்து 1,000 கச்சேரிகள் நடத்திவிட்டார் என்று 1865இல் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது.

அதே 1865இல், அதே பகுதியில், ஒரு பெண்கள் பாடசாலை மாணவி சம்பந்தமாக அவர்மீது பழி எழுந்தது. பத்திரிகைகள் கொதித்தன. செப்ரெம்பரில் அவசரமாகக் கப்பலேறி அவர் வெளியேற நேர்ந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் அந்தப் பழிக்குப் போதிய ஆதாரம் காணவில்லை. எனினும் உயிரோடு அவர் அமெரிக்கா திரும்பவேயில்லை.

பேரு, சிலி, ஆர்ஜென்ரீனா, உருகுவே என்று தென்னமெரிக்காவைச் சுற்றி 1869இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரை அடைந்தார். அங்கே மஞ்சட் காய்ச்சல் அவரை வாட்டியது. உடல் முழுதும் தேறுமுன்னே 650 வாத்தியக்காரரைத் திரட்டி நவம்பரில் பெருவிழா ஒன்றை நடத்தினார். மறுநாள் 25ஆம் திகதி மீண்டும் மேடையேறியவர் பியானோவின் முன்னே மயங்கி விழுந்தார். டிசெம்பர் 18ஆம் திகதி, நகருக்கு வெளியே திஜூக்கா என்ற குளிர்ந்த மலைப்புறத்தில் உயிர் பிரிந்தது. வயது 40. அடுத்த ஆண்டு அவரது உடல் நியூ யோக்கின் புறூக்லினுக்குக் கொண்டுவரப்பட்டு, கிறீன்வூட் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைத் தங்கை கிளாரா தொகுத்து 1881இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்மூடிய பிரேசிலிலோ 1888 வரை அடிமை முறை நீடித்தது.

எது நின்றது?

வாசகர்களே, இந்த வாழ்க்கையைத் தராசில் வைத்துப் பாருங்கள். 'இறுதி நம்பிக்கை'யும் 'சாகும் கவிஞ'னும் அவருக்குப் பணம் தந்தன. வீடு வீடாகப் பெயரைப் பரப்பின. இன்று அவற்றை வாசிப்போர் சிலரே. பரிஸ் கல்லூரியின் கண்ணுக்குத் தெரியாதிருந்ததும், நாகரிகமான குடும்பங்கள் தம் பிள்ளைகள் காதில் விழாமல் காக்க நினைத்திருக்கக்கூடியதுமான அந்த ஆயாவின் பாட்டு நின்றுவிட்டது. 'பம்பூலா', 'வாழைமரம்', 'புவேட்டோ றிக்கோவின் நினைவு' ஆகியவற்றை இன்றும் பெரும் வாத்தியக்காரர் மேடையில் வாசிக்கின்றனர். வீண் என்று எண்ணப்பட்ட ஐந்து ஆண்டுகளே அவரது வாழ்வின் விளைநிலமாயின.

அவரைக் குறையற்ற மனிதராகக் காட்ட நாம் முயலவில்லை. கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளில் அக்கால வெள்ளையரின் மேட்டிமை வாடை வீசத்தான் செய்கிறது. அவருக்குப் பணமும் பதக்கமும் கிடைத்தன. பாட்டைக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கடன் தீராத கடன். ஆனாலும் அந்தப் பாட்டை அவர் மறைக்கவில்லை, தம் சொந்தச் சரக்கென்று பூசி மெழுகவுமில்லை. துண்டுகளுக்கு அவர் இட்ட பெயர்களே அவை எந்த மண்ணிலிருந்து வந்தன என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டில் பியானோவோ ஓர்கனோ பழகும் பிள்ளை இருந்தால், சோதனைப் பாடங்களோடு செர்வாந்தெசின் ஒரு சிறு நடனத்தையும் பழகச் சொல்லுங்கள். முதலில் இரண்டு கைகளும் இணங்க மறுக்கும். அப்போது பிள்ளையை மேசைக்கு அழைத்து, தகிட தகிட தக என்று தட்டிக் காட்டுங்கள். அந்தத் தாளத்தைத் தந்தவர்கள் கரும்பு வயலில் பெயரின்றி மாண்டவர்கள் என்பதையும், சலி என்ற ஒற்றைப் பெயரோடு ஓர் அடிமைத்தாய் அதைப் பிறர் பிள்ளையின் தொட்டிலருகே பாடினாள் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.